குறியீடு நான்கு

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கணக்கெடுப்புப் படிவம் இருக்கிறது. நான்கு பக்கம், மூலையில் துருப்பிடித்த ஊசி. மூன்றாம் பக்கத்தில் பதினேழாவது கேள்வி: 'நேற்று மீன்பிடிக்கச் சென்றீர்களா? இல்லையென்றால் காரணம் என்ன?' அதற்குக் கீழே நான்கு காரணங்கள் அச்சாகியிருக்கும். ஒன்று, உடல்நலமின்மை. இரண்டு, வானிலை. மூன்று, படகு அல்லது வலை பழுது. நான்கு, விருப்பமில்லை. இவற்றில் ஒரு எண்ணை எழுத எதிரே ஒரு சின்னக் கட்டம். படிவத்தை நிரப்பியவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பக்கத்து ஓரத்தில் நீல மையில் உருண்டை உருண்டையாக 'அவங்க நாள் இல்லை' என்று எழுதியிருக்கிறார். கட்டத்துக்குள் சிவப்பு மையில் பிறகு ஒரு 4 போடப்பட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள். 'சரிபார்த்தவர்' என்ற கோட்டின் மேல் என் கையெழுத்து. 'தகவல் சேகரித்தவர்' என்ற கோட்டின் மேல் ஒன்றுமில்லை. சிவப்பு மையும் என்னுடையதுதான்.

தகவல் சேகரித்தவரை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சர்வே அக்கா என்றே அழைத்தோம். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். ராயபுரத்துக்காரர், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சொட்டு மருந்து முகாமில் தொடங்கி வாக்காளர் பட்டியல் வரைக்கும் வடசென்னையில் வீடு வீடாகப் போய் எழுதவேண்டிய எந்த வேலை வந்தாலும் அக்கா அதில் இருப்பார். நான் அதற்கு நேர் எதிர். ஊருக்குத் தெற்கே பிறந்து, தெற்கேயே படித்து, நுண்பொருளியலில் பட்டம் வாங்கி, கொள்கை ஆய்வு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தவள். வடசென்னைக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போவதென்றால் அரை நாள் விடுப்பு எடுக்கவேண்டும் என்று நினைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். எண்ணூருக்கு நான் முதலில் போனது ஆய்வுக்காகத்தான்.

ஆய்வு இதுதான். எண்ணூர்க் கழிமுகத்தின் குறுக்கே தண்ணீருக்கு அடியில் ஒரு குழாய் பதிக்கவேண்டும். அந்த வேலை நடக்கும் நாட்களில் கழிமுகத்தை மூடவேண்டும், படகு போக முடியாது, வலை கட்ட முடியாது. மாதத்துக்குப் பத்து நாள் போதும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். எந்தப் பத்து நாள் என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை. மீனவருக்கு எது குறைந்த பாதிப்பு என்று சொல்லுங்கள், அப்படியே செய்கிறோம் என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள். இவ்வளவு நல்ல கேள்வி ஒரு பொருளியல் ஆய்வாளருக்கு அவருடைய பணிக்காலத்தில் ஓரிரு முறைதான் வாய்க்கும். நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

விடை எனக்குக் கேள்வி வந்த அன்றே தெரியும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு என்று கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வேளை சாப்பாடு தவறினால் சமாளித்துவிடலாம், தொடர்ந்து நான்கு வேளை தவறினால் படுத்துவிடுவோம். இழப்பும் அப்படித்தான். பத்து நாளையும் சேர்த்து மூடினால் குடும்பம் தாங்காது. அதையே பிரித்து, இரண்டு நாள் திறந்து ஒரு நாள் மூடி, மறுபடி இரண்டு நாள் திறந்து ஒரு நாள் மூடினால் வலி பரவிப் பரவி மெலிந்துவிடும். தாளில் வளைகோடு போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே அழகாக இருக்கும். கணக்கெடுப்பு எதற்கு என்றால், அந்த வளைவு எவ்வளவு என்று அளப்பதற்கு மட்டும்தான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆதாரம் தேடப் போகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் இது யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு படிவத்தையும் களத்தில் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. வெற்றுப் படிவங்களைக் கட்டுக்கட்டாக மேசையில் அடுக்கி, தொலைபேசியில் பேசிக்கொண்டே முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவோம். நானும் தள்ளினேன். அக்கா அந்தக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, கவ்வி வைத்த பரீட்சை அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறுவார். அவர் கையெழுத்து மட்டும், வீட்டில் பேசி முடித்து, வாசலைத் தாண்டி வந்த பிறகு விழும். பேசாத வீட்டுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும் என்பார். என் பங்குக்கு நான் எழுநூறு வீட்டுக்கும் பேசாமலே போட்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும், அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

பத்து நாள் கழித்துப் படிவங்களைப் பார்வையிட நானே எண்ணூருக்குப் போனேன். முகத்துவாரம் போகும் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை, சாம்பல் ஏற்றிய லாரிகள் போகிற சாலை, அதனால் கண்ணாடிக் குவளையை உள்ளங்கையால் மூடியபடிதான் டீ குடிக்கவேண்டும். அக்கா அட்டையை என் பக்கம் திருப்பி, பதினேழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"மேடம், இதுக்கு கோடு நம்பர் இல்ல."

"நாலு கோடு நம்பர் இருக்கே அக்கா."

"அவுங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. காத்து மழ இல்ல. வல நல்லாத்தான் கீது. அவுங்க நாள் இல்ல, அதான் போவல."

பிறகு அவர் விளக்கினார். இறால் பருவத்தில் கழிமுகத்துக் குறுக்கே கழி நட்டு வலை கட்டுவார்கள். நீரோட்டம் நன்றாக இழுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். கரையில் மூன்று குப்பங்கள். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு முதல் குப்பம், நாளைக்கு இரண்டாவது, நாளை மறுநாள் மூன்றாவது, அதற்கடுத்த நாள் மறுபடி முதல் குப்பம். தன் நாளில் புயல் வந்தாலும் சாவு விழுந்தாலும் அந்த நாள் போனதுதான், அடுத்த குப்பம் தன் நாளை விட்டுத்தராது. அக்கா அட்டையின் பின்பக்கம் அ, ஆ, இ என்று மூன்று எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வரிசையாக எழுதியும் காட்டினார். எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. சுவாரஸ்யமான வழக்கம், அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு போடலாம் என்று நினைத்தேன்.

"நாலு போட்டுடுங்க அக்கா" என்றேன்.

"நாலுன்னா மனசு இல்லன்னு அர்த்தம். காலைலேர்ந்து வலய தெச்சிகினு குந்தினு கீறான், அவனப் போயி மனசு இல்லன்னு எய்தறதா?"

"சராசரி எடுக்கும்போது எல்லாம் சமமாயிடும்."

அக்கா டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். கட்டங்களை அவர் கடைசிவரை நிரப்பவில்லை. படிவங்கள் அலுவலகம் வந்ததும் நான் ஒன்றை எடுத்து, கட்டத்தில் சிவப்பு மையால் 4 என்று எழுதி, தட்டச்சு செய்யும் பெண்ணிடம் கொடுத்து, "எங்கெல்லாம் இப்படி ஓரத்தில் எழுதியிருக்கோ அங்கெல்லாம் இதைப் போடு" என்றேன். மாதிரிப் படிவம் என்பதால் அது மட்டும் கட்டோடு சேராமல் என் கோப்பில் தங்கிவிட்டது.

அந்த 4 அதோடு நிற்கவில்லை. கணினியில் ஏறியதும், எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களில் பெரும்பாலோர் வாரத்தில் பாதி நாளுக்கும் மேல் விருப்பமில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. இறால் விலை ஏறிய வாரத்திலும் அவர்கள் கூடுதலாக ஒரு நாள்கூடப் போகவில்லை. விலை ஏறியும் உழைப்பு கூடவில்லை என்றால் பாடநூலில் அதற்கு ஒரு படம் இருக்கிறது, பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்புக் கோடு. ஓரளவு வருமானம் வந்துவிட்டால் மனிதர் ஓய்வைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள். வகுப்பில் எல்லோரும் வரைந்திருப்போம், நேரில் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்துவிட்டேன் என்று நம்பினேன். தன் முறை வராததால் தண்ணீரில் இறங்க முடியாமல் கரையில் நிற்கிறவனை, ஓய்வை விரும்பி நிற்கிறவன் என்று படித்தேன். அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: 'இவர்களிடம் ஓய்வு நாட்கள் நிறைய உள்ளன. மூடப்படும் ஒரு நாளை வேறொரு நாளால் ஈடுசெய்துகொள்வார்கள். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை மூடுவதே மிகக் குறைந்த பாதிப்பைத் தரும்.'

அறிக்கையை மறுநாள் காலை அரசுத் துறையினர் முன்னால் வைக்கவேண்டும். அதற்கு முந்தைய நாள் மதியம் அக்கா தன் படிவங்களில் உள்ளது சரி என்று உறுதி சொல்லும் சான்றிதழில் கையெழுத்துப் போட அலுவலகம் வந்திருந்தார். மேசையில் அட்டவணை கிடந்தது. மூடும் நாட்களுக்குச் சிவப்பு வட்டம் போட்ட பருவகால நாட்காட்டி. அக்கா அதை எடுத்து விரல்விட்டு எண்ணினார். வேகமாக இல்லை, ஒவ்வொரு வட்டத்திலும் நின்று நின்று எண்ணினார்.

"மூணு நாளைக்கி ஒருவாட்டி மூடுவீங்களா?"

"ஆமாம் அக்கா. பிரிச்சு மூடினா பாதிப்பு குறைவு."

"அப்போ மூணாவது குப்பத்துக்காரங்க எப்போதான் போவாங்க?"

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மூன்று குப்பத்துக்கு மூன்று நாள் முறை, மூன்று நாளுக்கு ஒரு மூடல். ஒவ்வொரு சிவப்பு வட்டமும் மூன்றாம் குப்பத்தின் நாளிலேயே விழுந்திருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. முதல் இரண்டு குப்பங்களுக்கு ஒரு நாள்கூட இழப்பில்லை, மூன்றாவது குப்பத்துக்குப் பருவம் முழுக்க ஒரு நாள்கூட இல்லை. வலியைப் பரப்பி மெலிய வைக்கிறேன் என்று கிளம்பிய நான், அதை முழுசாக ஒரே ஊரின் தலையில் இறக்கியிருந்தேன். எதேச்சையாக நாள் குறித்திருந்தால்கூட இவ்வளவு மோசமாக வந்திருக்காது. அவமானம் என்று சொன்னால் அதுதான் உண்மை. அந்தக் குப்பத்தைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. இதை எழுதும்போது அந்த வரிசையை மாற்றி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது.

அக்கா சான்றிதழைத் திருப்பி வைத்தார். "மாத்திட்டு சொல்லி அனுப்புங்க மேடம், வந்து போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டியதும் கையெழுத்துப் போடுகிறவர், ஓரத்தில் எழுதிய படிவங்களில் மட்டும் இதுவரை போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பதினேழாவது கேள்விக்குப் புதிதாக ஒரு குறியீட்டு எண் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அறை குளிராக இருந்தது, பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. வளைகோட்டைத் திரையில் காட்டியதும் மூத்த அதிகாரி ஒருவர், பொருளியல் இப்படிப் பயன்பட்டால்தான் நமக்கு வேலை சுலபம் என்று பாராட்டினார். என் இயக்குநர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஏதாவது எச்சரிக்கைக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதை நான் மறக்க முயன்றதுண்டு, முடிந்ததில்லை. "உள்ளூர் ஏற்பாடுகளில் சிறு சரிசெய்தல்கள் தேவைப்படலாம்" என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதில் எதுவுமே இல்லை. எழுதிக்கொண்டார்கள், அடுத்த பொருளுக்குப் போனார்கள். அக்காவுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை, அவரும் வரவில்லை.

பருவம் தொடங்கியது. முதல் மூடல் மூன்றாம் குப்பத்தின் நாள், இரண்டாவது மூடலும் அவர்கள் நாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அங்கே சில வீடுகளில் ஆண்கள் மணலிக்கும் மாத்தூருக்கும் கூலிவேலைக்குப் போகத் தொடங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் அங்கே போகவில்லை. போகாததற்கு அலுவலகத்தில் காரணங்கள் இருந்தன. அவற்றையும் ஒரு படிவத்தில் கேட்டிருந்தால் நான்கில் எந்த எண்ணைப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னது எண்கள்தான். பருவம் முடிந்ததும் வழக்கம்போல ஒரு மதிப்பீட்டாய்வு செய்தோம், வேறு ஆட்களை வைத்து. மூன்றாம் குப்பத்தின் எண்ணைப் பார்க்கப் பயந்துகொண்டே திரையைத் திறந்தேன். மூன்று குப்பங்களும் ஏறக்குறைய சமமாக நாட்களை இழந்திருந்தன. எந்த ஊரும் மூழ்கவில்லை. நான் முன்பு சொன்ன வளைகோட்டின்மேல் கொண்டுவந்து உட்கார வைத்தது போல இருந்தது. நான் பெருமூச்சு விட்டேன். எப்படி என்று கேட்கவில்லை. 'பாதிப்பு குறைவாகவும் சமமாகவும் பரவியது. பொருளியல் மாதிரி கணித்தபடியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அறிக்கை நன்றாக ஓடியது. பயிற்சி வகுப்புகளில் கோட்பாட்டைக் களத்தில் பொருத்துவது எப்படி என்பதற்கு அதையே பாடமாக எடுத்தேன், பல ஆண்டுகள்.

அக்காவுக்கு அதற்குப் பிறகு எங்கள் நிறுவனத்திலிருந்து வேலை போகவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட மறுப்பவர் என்று பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே யாரோ குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்பை நான் எழுதவில்லை. அடிக்கவும் இல்லை.

போன வருடம் விம்கோ நகர் போகும் மெட்ரோவில் அவரைப் பார்த்தேன். முதலில் அந்தப் பரீட்சை அட்டையைத்தான் அடையாளம் கண்டேன், அதே மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தார். திருவொற்றியூரில் ஒரு எரிவாயு முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார். தலை நரைத்திருந்தது. மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, எனக்கு உட்கார இடம்கூடப் பிடித்துக் கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இரண்டு நிலையம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"மூணு குப்பமும் சமமா நஷ்டப்பட்டுதுன்னு எய்தினீங்களாமே மேடம்?"

"ஆமாம் அக்கா. அப்படித்தான் வந்தது."

"தானா வந்துச்சா?"

அவரே சொன்னார். ஆறாவது மூடலுக்கு முன்னால் மூன்று குப்பத்துக்காரர்களும் கோயில் வாசலில் கூடியிருக்கிறார்கள். மூன்றாம் குப்பத்துக்காரர்கள் கேட்டு வரவில்லை, வாயைத் திறக்கவே இல்லையாம். முதல் குப்பத்தில் ஒரு பெரியவர்தான் எழுந்திருக்கிறார். அவர் சொன்னதை அக்கா அப்படியே சொன்னார்: "அவுங்க புள்ளயும் நம்ம புள்ளயும் ஒரே இஸ்கூலுக்கு போயினு கீது. நம்ம புள்ள மட்டும் துன்னுட்டு போனா நல்லாவா கீது." அன்றிலிருந்து மூடிய நாளை நாளாகவே எண்ணுவதில்லை, திறந்த நாட்களை மட்டும் வரிசையாக எண்ணி முறை வைப்பது என்று முடிவாயிற்று. தவறிய நாளை யாரும் விட்டுத்தருவதில்லை என்ற முறையை இரண்டு குப்பங்கள் தாங்களாகவே தள்ளிவைத்து, தங்கள் நாட்களில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கின்றன. அவர்கள் ஒரு பைசா இழக்கவேண்டிய அவசியமில்லாமல் நான் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தேன். என் கோட்பாட்டின்படி அவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் மாதிரியைப் பொய்யாக்கிவிட்டு அவர்கள் செய்த காரியத்தைத்தான் நான் என் மாதிரி கணித்தது என்று எழுதியிருந்தேன்.

"சமமா ஆச்சுன்னு எய்தினீங்க, சரி" என்றார் அக்கா. "சமமாக்கினது யாருன்னு எய்தினீங்களா?"

வண்டி விம்கோ நகருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு காலத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதிய இடத்தில் இப்போது அறிவிப்புக் குரல் கேட்கிறது. நான் அந்தக் குரலைக் கவனிப்பது போல இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு எரிவாயு அலுவலகத்துக்குப் போனேன். பழைய அறிக்கையில் இருந்த தவறையும், மூன்று குப்பங்கள் செய்ததையும் இரண்டு பக்கத்தில் எழுதி, நிறுவனத்துக்கும் துறைக்கும் அனுப்ப வைத்திருந்தேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களைக் காக்க வைத்து, அதை முழுவதும் படித்தார். "கோயில் வாசல்னு போட்டீங்க, அவுங்க கூடினது கோயிலாண்ட மேட்டு மேல. பரவால்ல" என்றார். நான் படிவத்தை நீட்டி, தகவல் சேகரித்தவர் என்ற கோட்டைக் காட்டினேன். இப்போதாவது போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டால் எனக்கு ஏதோ தீர்ந்துவிடும் என்று நம்பிப் போயிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் படிவத்தைக் கையில் வாங்கி, ஓரத்தில் இருந்த தன் நீல எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் கையெய்த்து எதுக்கு மேடம்? எய்தினது நான்தான்னு எய்த்தே சொல்லுதே" என்றார். பிறகு சிவப்பு 4-ஐ நகத்தால் தொட்டு, "இது யாருதோ, அவுங்க போடட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

களப்பணியில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதை அழிக்கக்கூடாது, கிறுக்கி மறைக்கக்கூடாது, பழையது தெரியும்படி ஒரே கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போடவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். வீட்டுக்கு வந்து அந்த 4-ஐ ஒரு கோட்டால் அடித்தேன். சுருக்கொப்பம் போட்டேன், தேதி போட்டேன். கட்டத்துக்குள் எழுத வேறு எண் இல்லாததால் அதை அக்கா விட்டது போலவே விட்டுவிட்டு, படிவத்தை இழுப்பறையில் வைத்தேன். நிறுவனத்துக்கும் துறைக்கும் மறுநாள் அனுப்பிய அந்த இரண்டு பக்கக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.